நாலு பர்னரும் ஒரு தோசைக்கல்லும்

(அடுப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரை சிம்மக்கல் பக்கம் முப்பத்தைந்து வருடமாக கேஸ் அடுப்பு பழுது பார்த்துவரும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சமையலறை பத்துக்கு எட்டு. இங்கிலாந்தில் இருக்கும் என் மகள், தன் வீட்டில் இருப்பதைப் போல மேலே ஐந்து பர்னர், கீழே ஓவன் உள்ள குக்கிங் ரேஞ்ச் வைக்கச் சொல்கிறாள். வீட்டுக்காரர், மேடைக்குள் பதிக்கிற கண்ணாடி ஹாப் போதும் என்கிறார். மாமியாரோ இருக்கிற ரெண்டு பர்னரே வாழ்நாளுக்குப் போதும் என்கிறார். கொத்தனார் மேடை கட்ட நாளைக்கு வருகிறேன் என்கிறார். எதை வாங்குவது?
— வாசகி, நாகமலை புதுக்கோட்டை

கொத்தனாரை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள் அம்மா. அவராகவே நின்றுகொள்வார், அது வேறு விஷயம். அந்த ஒரு வாரத்தில் பரணில் இருக்கிற பாத்திரங்களை இறக்கி, மாதத்தில் இரண்டு தடவையாவது அடுப்பில் ஏறுகிறவற்றை மட்டும் கூடத்தில் வரிசையாக வையுங்கள். இட்லிக் கொப்பரை, பெரிய குக்கர், தோசைக்கல், மீன் குழம்புச் சட்டி, பால் பாத்திரம். டேப்பை எடுத்து ஒவ்வொன்றின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுப்பு வாங்க யோசனை கேட்டு வருகிற எல்லோரும் பர்னர் எத்தனை என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாத்திரம் எத்தனை அங்குலம் என்று தெரிந்துகொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அவர் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா. பத்து வருடம் ஆகியிருக்கும். நான் அடுப்பு மாட்டிக் கொடுக்கப் போகிற ஒரு கடைக்குள், மஞ்சப்பையில் எதையோ கனமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால், வார்ப்பு இரும்புத் தோசைக்கல். பதிமூன்று அங்குலம் இருக்கும். கடைப்பையன் சிரித்துவிட்டான். அந்த அம்மா கண்டுகொள்ளவில்லை. காட்சிக்கு வைத்திருந்த நாலு பர்னர் அடுப்பில் கல்லை வைத்தார். பக்கத்து பர்னரில் ஒரு ஐந்து லிட்டர் குக்கரை வைக்கச் சொன்னார். வைத்தால் குக்கரின் கைப்பிடி கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. பின்னால் ஒரு சட்டியை வைத்தால் அது கல்லின் விளிம்பில் இடித்துக்கொண்டு சாய்ந்து நின்றது. "அப்ப இது ரெண்டு அடுப்புதானே தம்பி, நாலு அடுப்பு வெலை எதுக்குச் சொல்றே?" என்று கேட்டார். பையனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இடைவெளி அதிகமுள்ள மூன்று பர்னர் ஸ்டீல் அடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, கல்லையும் மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

உங்கள் ரேஞ்சுக்கும் இதே கணக்குதான். ரேஞ்ச் பெரும்பாலும் இரண்டு அகலத்தில் வரும். 60 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டடி. இல்லாவிட்டால் 90 சென்டிமீட்டர், மூன்றடி. இரண்டடி ரேஞ்சில் நாலு பர்னர் இருக்கும், ஆனால் ஒரு பர்னரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குப் பெரும்பாலும் ஓர் அடிக்குள்தான் வரும். பாஸ்தா வேகவைக்கிற சட்டிக்கும் முட்டை பொரிக்கிற வாணலிக்கும் அது தாராளம். நம் வீட்டில் ஒரு பக்கம் கறி தோசைக்குக் கல், ஒரு பக்கம் குழம்பு, இன்னொரு பக்கம் குக்கர் என்று ஏற்றினால் அந்த உசிலம்பட்டி அம்மா கண்ட கதைதான். வாங்கினால் மூன்றடி ரேஞ்ச் வாங்குங்கள். அதில் நடுவிலோ ஓரத்திலோ 3.5, 4 கிலோவாட் அளவுக்கு ஒரு பெரிய வளையப் பர்னர் தள்ளி இருக்கும். கல் அங்கே உட்காரும்.

மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்த ஊருக்கு. அங்கே அடுப்பு சமைப்பதோடு அறையைச் சூடாக்கவும் உதவும். 'ஆகா' (AGA) என்ற பெயரில் வார்ப்பு இரும்பில் ஒரு ராட்சச அடுப்பு உண்டு. சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் நாள் முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கும்படி செய்தது. அதை 1922-ல் உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாப் டாலன். 1912-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். அதே வருடம் அசிட்டிலின் வாயு வெடித்துக் கண்பார்வை போய்விட்டது. வீட்டிலேயே இருக்க நேர்ந்தபோது, மனைவி அடுப்போடு படுகிற பாட்டைக் கேட்டுக் கேட்டு இதை யோசித்தார் என்று சொல்வார்கள். கண் தெரிகிற எத்தனையோ பேருக்கு அந்தப் பாடு தெரிவதில்லை. சரி, அந்த அடுப்பு குளிருக்குப் பிறந்தது. நீங்கள் சித்திரையில் நாகமலை அடிவாரத்தில் சமைக்கப் போகிறீர்கள். ஓவனை ஒரு மணி நேரம் எரியவிட்டால் அந்தச் சூடு முழுக்க உங்கள் பத்துக்கு எட்டுக்குள்தான் நிற்கும்.

ஓவன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கே.கே. நகரில் ஒரு வீட்டில் ரேஞ்ச் பார்க்கப் போனேன். பர்னர் ஒன்று சரியாக எரியவில்லை. கீழே ஓவன் கதவைத் திறந்தேன். உள்ளே முறுக்கு அச்சு, அப்பள டின், ஆப்பச்சட்டி, ஒரு கட்டு பழைய கேஸ் ரசீது. வாங்கி ஆறு வருடமாம், ஓவனை எத்தனை தடவை பற்றவைத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டம்மா யோசித்துவிட்டு, மாட்டிக் கொடுத்த அன்றைக்குக் கடைக்காரர் ஒரு தடவை பற்றவைத்துக் காட்டினார் என்றார். உங்கள் வீட்டில் வாரம் ஒரு தடவையாவது கேக்கோ ரொட்டியோ சுடுகிறவர் யார் என்று பாருங்கள். மகள் வரும்போது மட்டும்தான் என்றால், மேடையில் வைக்கிற ஓ.டி.ஜி., அதாவது கரண்டில் ஓடுகிற சின்ன ஓவன் போதும். வேலை முடிந்தால் தூக்கி உள்ளே வைத்துவிடலாம்.

இன்னொன்று, சிலிண்டர். நம் வீடுகளில் அது மேடைக்கு அடியில் நிற்கும். ரேஞ்ச் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. சூடேறுகிற ஓவன் பக்கத்தில் சிலிண்டரை நிறுத்தக் கூடாது. சுவருக்கு வெளியே நிழலாக ஓர் இடம் பார்த்துக் கூண்டு போட்டு, உள்ளே காப்பர் பைப் கொண்டுவர வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழும். அதனால் கூண்டுக்குக் காற்றுவழி கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். பக்கத்தில் சாக்கடைத் திறப்போ பள்ளமோ கூடாது. ரேஞ்சின் முதுகுப் பக்கம் ரப்பர் டியூப் உரசிக்கொண்டு கிடக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த முதுகு கொதிக்கும். இதையெல்லாம் கொத்தனார் பூசுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும், பூசிய பிறகு சுவரைக் குடைகிற சத்தம் எனக்கே பிடிக்காது. ஐந்து பர்னரும் கேஸ் ஓவனும் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் போகும். 14.2 கிலோ சிலிண்டர் அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் வேர்த்துக் குளிர்ந்துபோகும், தீ தணியும். அதற்காக இரண்டு சிலிண்டரை நீங்களாகவே சேர்த்து லைன் போட்டுவிடாதீர்கள். ஏஜென்சி ஆளைக் கூப்பிடுங்கள். கரண்ட் ஓவன் உள்ள ரேஞ்ச் என்றால் அந்த ஓவனே இரண்டரை, மூன்று கிலோவாட் இழுக்கும். மெயின் பலகையிலிருந்து தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக். மிக்ஸி மாட்டுகிற பிளக்கில் சொருகக் கூடாது.

உயரத்தையும் பாருங்கள். ரேஞ்ச் 85-லிருந்து 90 சென்டிமீட்டர் நிற்கும், அதாவது முப்பத்தைந்து அங்குலம். அதன் தலையில் இட்லிக் கொப்பரையை ஏற்றினால், ஐந்தடிக்குக் குறைந்த மாமியாருக்கு மூடியைத் திறக்க முக்காலி வேண்டும். பின்வரிசை பர்னருக்குக் கை நீட்டும்போது முன்வரிசைத் தீக்கு மேலேதான் முந்தானை போகும். எனக்கு ரேஞ்சில் பிடிக்காத ஒரே விஷயத்தைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற ஹாப் பார்க்க அழகு. மேடையைத் துடைப்பது சுலபம். ஆனால் அதற்காகக் கிரானைட்டில் வெட்டுகிற ஓட்டை அந்த மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும். பத்து வருடம் கழித்து மாற்றும்போது புதிய ஹாப்பின் அளவு வேறாக இருக்கும், அப்புறம் கல்லையே மாற்றச் சொல்வார்கள். அப்படி மாற்றிய வீடுகள் எனக்குத் தெரியும்.

என் தீர்ப்பு, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: மேடைமேல் வைக்கிற மூன்று பர்னர் ஸ்டீல் அடுப்பு, அகலம் அதிகமுள்ளதாக, ஒரு பர்னராவது பெரியதாக. ஐ.எஸ்.ஐ. முத்திரையில் 4246 என்ற எண் இருக்க வேண்டும். அந்த முத்திரைக்கு வெப்பத் திறன், அதாவது எரிகிற சூட்டில் பாத்திரத்துக்குள் போகிற பங்கு, குறைந்தது 68 சதவீதம் இருந்தாக வேண்டும். அடுப்பின் தலை உங்கள் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே வருகிற மாதிரி மேடையைக் கட்டச் சொல்லுங்கள். அடுப்பு நாலைந்து அங்குலம் உயரம் பிடிக்கும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கொத்தனாருக்குச் சொல்லாவிட்டால் கழிக்க மாட்டார். மாமியார் சொன்னது முக்கால்வாசி சரி.

கேள்வி: வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரம் அடி முழுக்கக் கரி. ஊக்கால் நாசிலைக் குத்தினேன், இன்னும் மோசமாகிவிட்டது.
— வாசகர், மேலூர்

குத்தியதுதான் கெடுத்தது ஐயா. நாசில் என்பது கேஸ் பீச்சுகிற முனை, அதன் ஓட்டை மயிரிழை அளவு. ஊக்கு நுழைந்தால் அகலமாகிவிடும், கேஸ் கூடும், அதற்கேற்ற காற்று கிடைக்காமல் தீ மஞ்சளாகும். நாசிலை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. ஆனால் உங்கள் அடுப்பில் முதலில் மஞ்சளடித்ததற்குக் காரணம் வேறாக இருந்திருக்கும். பர்னருக்கு அடியில் கேஸும் காற்றும் கலந்து போகிற குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும், அல்லது பொங்கிய பால் காய்ந்து பர்னர் துளைகளை அடைத்திருக்கும். பர்னரைக் கழற்றி, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, துளைகளை வேண்டுமானால் ஊக்கால் குத்துங்கள். ஊக்குக்கு அங்கே மட்டும்தான் வேலை. நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்பின் கண்ணாடி தானாக வெடித்துச் சமையலறை முழுக்கச் சிதறியது. அடுப்பு அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கம்பெனி ஆள் வந்து, 'நீங்கள்தான் எதையோ போட்டு உடைத்திருப்பீர்கள்' என்கிறார். என்ன நியாயம்?
— வாசகி, எல்லீஸ் நகர்

நீங்கள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே நடந்திருக்கிறது. என் தங்கைக்கு நானே ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்த கண்ணாடி அடுப்பு, கல்யாண வீட்டுக்கு எல்லோரும் போயிருந்த நேரத்தில் வெடித்தது. கம்பெனி ஆள் அப்போதும் இதையேதான் சொன்னார்.

அடுப்பில் போடுகிற டஃபன்டு கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துச் செய்கிறார்கள். அதனால் மேல்பக்கம் நெருக்கிக்கொண்டும் உள்பக்கம் இழுத்துக்கொண்டும் எப்போதும் ஒரு முறுக்கில் நிற்கும். அந்த முறுக்குதான் அதற்குப் பலம். ஓரத்தில் ஒரு சின்ன அடி விழுந்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் ராத்திரி முறுக்கு மொத்தமாக அவிழும். கண்ணாடி செய்யும்போதே உள்ளே தங்கிவிடுகிற நிக்கல் சல்பைடு துகளும் இதைச் செய்யும், அதற்கு யார் அடியும் வேண்டாம். தூள் தூளாக உடைவதும் அந்த முறுக்கால்தான். சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் கத்தி மாதிரி துண்டுகள் வந்திருக்கும்.

நம் பழக்கத்திலும் சில தப்புகள் உண்டு. பர்னரைவிட மிகப் பெரிய கல்லையோ அண்டாவையோ வைத்தால் அடியில் சூடு தேங்கிக் கண்ணாடியைத்தான் சுடும். இறக்கிய வாணலியை அதன்மேலேயே வைப்போம். சூடாக இருக்கும்போதே ஈரத் துணியால் துடைப்போம். மாசத்துக்கு நாலு கறி தோசை ஊற்றுகிற வீட்டுக்கு நான் கண்ணாடி அடுப்பைச் சொல்வதே இல்லை. கம்பெனிக்காரரிடம் வாரன்டி அட்டையைக் காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள். வாயால் சொன்ன பதில் வாசல் தாண்டாது.

கேள்வி: கேஸ் விலைக்கு இண்டக்ஷன் லாபமா? எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் வருகிறது. சிலிண்டர் 45 நாள் வரும்.
— வாசகர், ஒத்தக்கடை

கணக்குப் போட்டுவிடுவோம். 14.2 கிலோ கேஸில் இருக்கிற சூட்டைக் கரண்ட் கணக்கில் சொன்னால் சுமார் 180 யூனிட். அதில் 68 சதவீதம் பாத்திரத்துக்குள் போனால் 122. இண்டக்ஷன் 85 சதவீதம் உள்ளே அனுப்பும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் வேலைக்கு 145 யூனிட் வேண்டும். உங்களுக்கு 45 நாளுக்கு ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 190 யூனிட்டுக்கு மேல் கூடும், மொத்தம் 370-ஐத் தாண்டும். இலவச யூனிட் தீர்ந்த பிறகு கூடுகிற ஒவ்வொரு யூனிட்டும் மேல்படி விலையில்தான் விழும். கோடையில் ஏ.சி.யும் ஓடி 500-ஐத் தாண்டினால், கணக்குப் போடுகிற விதமே மாறி முன்னால் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடும். உங்கள் கார்டில் உள்ள விலையை வைத்து 145-ஐப் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுக்க மாறுவதைவிட, பால் காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் ஒரு சின்ன இண்டக்ஷன் வைத்துக்கொள்வது உங்களுக்குச் சரிவரும் என்று நினைக்கிறேன். சிலிண்டர் தீர்ந்த ராத்திரிக்கும் உதவும்.

வாங்குவதற்கு முன் பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாதது இண்டக்ஷனில் ஏறாது. அலுமினிய இட்லிக் கொப்பரை, அயிரை மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி, பித்தளை உருளி எல்லாம் கீழேதான் நிற்கும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் அப்படித்தான். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். கேஸிலேயே தண்ணீர் ஊற்றாமல் வைத்து ஓட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள், நான் என்ன செய்ய.

கேள்வி: வீட்டில் கேக் சுட்டு விற்கலாம் என்று இருக்கிறேன். கேஸ் ஓவன் உள்ள ரேஞ்ச் வாங்கவா, ஓ.டி.ஜி.யா? கரண்ட் கட் பயமாக இருக்கிறது.
— வாசகி, திருமங்கலம்

ஓ.டி.ஜி. வாங்கு தங்கச்சி, நாற்பது லிட்டர் பக்கமாக. ரேஞ்சில் வருகிற கேஸ் ஓவன்களில் பெரும்பாலும் தீ அடியில் மட்டும்தான், அடி கருகி மேலே வெளுத்திருக்கும். பழகினால் வசப்படும். ஆனால் காசு வாங்கி விற்கிற கேக்கில் பழகக் கூடாது. கரண்ட் கட் ஆகிற நேரத்தைத் தெரிந்துகொண்டு சுடு. முகப்பில் 180 என்று திருப்பினால் உள்ளே 160 இருக்கும், 200-உம் இருக்கும். உள்ளே வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கிப் போட்டுப் பார். விற்பதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், அதை முதல் ஆர்டருக்கு முன்னால் முடித்துவிடு.

கேள்வி: புது அடுப்பு. பற்றவைத்துக் கையை எடுத்தால் உடனே அணைந்துபோகிறது. பழுதா?
— வாசகர், வாடிப்பட்டி

பழுதில்லை. உங்கள் அடுப்பில் தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்துகிற பாதுகாப்பு வால்வு இருக்கிறது. பர்னர் ஓரத்தில் நிற்கிற சின்னக் கம்பி சூடேறினால்தான் வால்வு திறந்து நிற்கும். நாபை அழுத்திப் பற்றவைத்து, மனசுக்குள் பத்து எண்ணி, அப்புறம் விடுங்கள். பத்து எண்ணியும் அணைந்தால் அந்தக் கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், துணியால் துடையுங்கள். இந்த வால்வு இல்லாத அடுப்பில் பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டால் கேஸ் போய்க்கொண்டே இருக்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: அப்பா காலத்து அடுப்பை எக்ஸ்சேஞ்சில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், சோழவந்தான்

பர்னரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருந்தால் பித்தளை. அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட எடை இருக்காது. பித்தளை என்றால் பர்னரைக் கழற்றிக்கொண்டு எவ்வளவு கொடுப்பீர்கள், கழற்றாமல் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று இரண்டு விலை கேளுங்கள். ஒரே விலையைச் சொன்னால் கழற்றிக்கொண்டு கொடுங்கள், எடைக்கடையில் போட்டுக்கொள்ளலாம். பழைய டியூபை மட்டும் புது அடுப்புக்கு மாட்டாதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு டியூப் வேண்டாம், நீளமும் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். அடுப்பின் இரும்பு ஸ்டாண்டுகளைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், கொல்லையில் தொட்டிக்கு அடியில் வைக்க ஆகும்.